‘விண்டோ’வை உடைப்பது எப்படி? சொல் பூர்வீகம் தேடுவோருக்கு முதல் பாடம்

ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் பூர்வீகம் தேடிப் பழக ‘விண்டோ’ (window, சன்னல்) நல்ல சொல். பார்த்தால் கூட்டுச்சொல்லாகவே தெரியாது.

படி 1: உடனே உடைக்காதீர்கள். ‘விண்ட்’ காற்று, மிச்சம் ‘டோர்’ தேய்ந்தது என்று தோன்றும். தப்பு. தேய்ந்துபோன பாதி பல நேரம் நமக்குத் தெரிந்த வேறொரு சொல்லின் சாயலைக் காட்டி ஏமாற்றும்.

படி 2: பழைய வடிவத்தைப் பிடியுங்கள். ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியான எட்டிமான்லைன் (Etymonline) தளம் இலவசம். சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டியது சுமார் 1200-இல். மூலம் ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘விந்தவுகா’. உடைக்க வேண்டியது இதைத்தான். விந்தர் என்றால் காற்று, அவுகா என்றால் கண். கண்ணாடி இல்லாத வெறும் திறப்புக்குப் பொருத்தமான பெயர்.

படி 3: ‘அவுகா’ தேய்ந்து ‘ஓ’ ஆகுமா? இன்னொரு சொல்லிலும் அதே தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். நார்ஸ் ‘ஃபேலகி’ (பொருளைக் கூட்டாகப் போட்ட பங்காளி) ஆங்கிலத்தில் ‘ஃபெல்லோ’ ஆனது. உயிரெழுத்துகளுக்கு நடுவே நின்ற ‘க’ இரண்டிலும் கரைந்திருக்கிறது. துணைக்கு இப்படி ஒரு சொல்கூடக் கிடைக்காவிட்டால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

படி 4: அக்கம்பக்கத்து மொழிகளைக் கேளுங்கள். நார்வேயில் ‘விண்டு’, டென்மார்க்கில் ‘விண்டுவெ’. ஜெர்மனிலோ ‘ஃபென்ஸ்டர்’. அது லத்தீன் ‘ஃபெனெஸ்ட்ரா’வின் வழி. ஆக, 9-ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரோடு வந்த சொல் இது.

படி 5: அதற்கு முன் என்ன சொன்னார்கள்? பலரும் விட்டுவிடும் கேள்வி. பழைய ஆங்கிலத்தில் ‘கண்துளை’ என்ற பொருளில் ஒரு கூட்டுச்சொல் இருந்தது. அந்தத் ‘துளை’ப் பாதி மூக்குத் துவாரத்தைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்பதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அகராதியில் வேர் வடிவத்தின் முன் நட்சத்திரக் குறி (*) இருந்தால், அது எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கியது. குறியை விட்டுவிட்டு நகலெடுக்காதீர்கள்.

சிலப்பதிகாரத்தில் சன்னலைக் குறிக்க ‘மான்கண் காலதர்’ வருகிறது: கால் காற்று, அதர் வழி, பக்கத்திலேயே கண்ணும் இருக்கிறது! ஆனால் பொருள் ஒத்துப்போவது உறவாகாது. நம் ‘சன்னல்’கூட போர்ச்சுகீசிய ‘ஜனெலா’தான்.

அடுத்து ‘டெய்சி’ பூவை எடுங்கள். அதிலும் ஒரு கண் உண்டு. நடுவில் நிற்கும் ‘ஸ்’ முதல் பாதியோடு சேர்ந்த வேற்றுமை உருபு. அதைத் தாண்டி உடையுங்கள்.