தலைப்பைக் கொடுக்கும்போதே நான்கு சொற்களைத் தடுத்துவிடுங்கள்

6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'மழை' என்று கவிதைத் தலைப்புக் கொடுத்தால், மழை, மேகம், துளி, குடை ஆகிய நான்கு சொற்களையும் பயன்படுத்தக் கூடாது என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தலைப்பைக் கேட்டதும் முதலில் வந்து நிற்பவை எல்லோரிடமும் இருக்கும் சொற்கள்தான். அதனால்தான் முப்பது பேர் எழுதினாலும் ஒரே கவிதை போல இருக்கிறது. அந்த வழியை அடைத்தால் பிள்ளை தான் பார்த்ததைத் தேடிப்போகும்: உடம்போடு ஒட்டிய சட்டை, காயாத செருப்பு, கூரை இரைச்சலில் பாதியில் நின்ற பேச்சு. 'இன்னும் விவரமாக எழுது' என்று ஒவ்வொரு தாளிலும் குறிக்கும் வேலையும் பெரும்பாலும் மிச்சம். கதையென்றால் உணர்ச்சிச் சொல்லைத் தடுங்கள். 'கோபம்' என்று எழுத முடியாதபோது, அண்ணன் கதவை எப்படிச் சாத்தினான் என்று எழுதித்தான் ஆக வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பயன் இதுதான்.

நான்கு சொற்களுக்கு மேல் போக வேண்டாம், அப்புறம் விடுகதையாகிவிடும். வெற்றுத்தாளைப் பார்த்தாலே தயங்கும் பிள்ளைக்கும், சொல்வளம் இப்போதுதான் சேர்ந்துவரும் பிள்ளைக்கும் இது சரிப்படாது. அவர்கள் முதலில் தடையில்லாமல் எழுதட்டும்; திருத்தும்போது ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.