வன்னியில் மரக்கறி நாற்றை வெளியே எடுக்க ஏற்ற நாள் எது?

குளிர்நாட்டுத் தோட்டக்காரர் உறைபனி ஓயும்வரை நாற்றை வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். வன்னியில் அந்தக் கவலை இல்லை. இங்கே இளநாற்றைக் கொல்பவை வேறு: கார்த்திகை வெள்ளம், பங்குனி சித்திரை உச்சிவெயில், வைகாசியில் தென்மேற்கிலிருந்து எழும்பும் சோளகக் காற்று. இந்த மூன்றுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் கன்று மண்ணைப் பிடித்துவிட வேண்டும். அதனால் முதலில் நடுகை நாளைக் குறியுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதை போடுங்கள். விதை கிடைத்த அன்றைக்கே நாற்றுமேடையில் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து வயலுக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக் கைபிசைவதுதான் பலருக்கும் நடக்கிறது.

எண்ணும் கணக்கு இது. மிளகாய், கறிமிளகாய்க்கு 30 முதல் 35 நாள். கத்தரிக்கு 25 முதல் 30. தக்காளிக்கு 21 முதல் 25. பூசணி, பாகல், புடோல், கெக்கரி ஆகியவற்றைச் சிறு பொலித்தீன் பைகளில் போட்டு, வித்திலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மையிலைகள் விரிந்ததும் 12 முதல் 14 நாளில் நட்டுவிட வேண்டும். இவற்றுக்கு வேர் அசைந்தால் பிழைப்பு இல்லை. வெண்டியையும் பயற்றையையும் நாற்றாக்க வேண்டாம், நேரே குழியில் ஊன்றுங்கள்.

நடக்கூடிய காலங்கள்

முதலாவது, புரட்டாதிக் கடைசி. மாரி கனக்க முன் கன்றுக்கு மூன்று நான்கு கிழமையாவது கிடைக்க வேண்டும். ஒக்டோபர் முதற் கிழமையில் மிளகாய் நடுவதென்றால் விதை மேடையில் விழ வேண்டியது ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பர் தொடக்கத்தில். மேட்டுக்காணி, நீர் வடியும் செம்மண் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். ஐப்பசி கடைசிக்குள் நட்டு முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கார்த்திகையில் நடவே வேண்டாம். 2008 இல் நிஷா, 2020 இல் புரவி, 2024 இல் ஃபெங்கல், 2025 இல் டித்வா, நான்கு புயல்களும் கார்த்திகை மாதத்துக்குள்தான் வந்தன. கன்று பிழைக்கும் என்று அந்த மாதத்தை நம்பிச் செலவழிப்பது சரியான கணக்கு இல்லை.

இரண்டாவது, மார்கழி நடுவிலிருந்து தை முடிய. கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதுவே திறமான காலம் என்பது எங்கள் முடிவு. மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் கடுமையாக இராது. தக்காளிக்கு இதை விட்டால் வேறு நல்ல காலம் இல்லை. இரவு வெக்கை கூடினால் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும். தையில் நட்டது மாசியில் பூக்கும், அப்போது இரவுகள் இன்னும் குளிர்ந்திருக்கும். இந்த நடுகைக்கான நாற்றுமேடை கார்த்திகை மழைக்குள் நிற்கப்போகிறது. வளைத்த தடிகளின் மேல் தெளிவான பொலித்தீனைக் கூடாரம்போல் இழுத்துக் கட்டி, மழையை மேலே தடுங்கள். இரண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும். நான்கு பக்கமும் மூடினால் உள்ளே புழுக்கம் ஏறி, தண்டு மண்மட்டத்தில் நூல்போல மெலிந்து நாற்று சாய்ந்து விழும்.

மூன்றாவது, சிறுபோகம். சித்திரை இடைமழையோடு நட்டு, சோளகம் எழும்ப முன் வேர் பிடிக்க வைக்க வேண்டும். ஏப்ரல் நடுவில் நட மார்ச் நடுவில் விதை. வெயிலுக்குப் பழக்காமல் நட்ட நாற்று இந்தப் போகத்தில் பிழைப்பது அரிது.

வெயிலுக்குப் பழக்குதல்

விவசாயப் போதனாசிரியர்கள் வன்மைப்படுத்தல் என்று சொல்வது இதைத்தான். கிடுகு நிழலிலும் நிழல்வலையிலும் வளர்ந்த இலை மெல்லியது. ஒரே நாளில் முழுவெயிலுக்கு வந்தால் மேலிலைகளில் வெள்ளைத் தாள்போன்ற திட்டுகள் விழும். வெந்த இலை திரும்பப் பச்சையாகாது. கன்று சாகாவிட்டாலும் புது இலை தள்ளுவதிலேயே பத்து நாள் போய்விடும்.

நடுகைக்கு எட்டுப் பத்து நாள் முன் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் காலை ஒன்பது மணிவரை மட்டும் கிடுகை விலக்குங்கள். அடுத்த இரண்டு நாள் பத்தரை வரையும், பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகும். ஐந்தாம் ஆறாம் நாள் பதினொன்று முதல் மூன்று மணிவரை மட்டும் நிழல் போதும். ஏழாம் நாளிலிருந்து நிழலே வேண்டாம், இரவிலும் மூடாமல் விடுங்கள். நடுவில் வானம் இருண்டு மழை நாட்கள் வந்தால் அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெயில் பட்ட நாள்தான் பழகிய நாள்.

தண்ணீரையும் அதே வேகத்தில் குறையுங்கள். நாளுக்கு இரண்டு தரம் தெளித்ததை ஒரு தரமாக்கி, பிறகு இலை நண்பகலில் சற்றுத் தளர்ந்தால் மட்டும் விடுங்கள். அடியோடு நிறுத்தினால் தண்டு மரத்துப்போய், நட்ட பிறகும் வளராமல் நிற்கும். கடைசிப் பத்து நாளில் யூரியா கரைத்து ஊற்றவே கூடாது. கரும்பச்சையாக, சடசடவென்று உயர்ந்த நாற்று பார்வைக்கு வடிவுதான், முதற் காற்றிலேயே முறியும்.

பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. நிழலை விலக்கும்போது பூச்சிவலையையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறார்கள். வெயிலுக்குப் பழக நிழல்வலை போனால் போதும். பூச்சிவலை நடுகை நாள்வரை நிற்கட்டும். வெண் ஈயும் பனிப்பூச்சியும் மிளகாய் நாற்றில் ஏறுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கிழமையில்தான். இலைச்சுருளோடு வயலுக்குப் போன கன்றை எந்த மருந்தும் மீட்காது.

பழகிய நாற்றைக் கையால் அறியலாம். உள்ளங்கையால் நாற்றுகளின் மேல் மெல்லத் தடவுங்கள். நல்லது வளைந்து உடனே நிமிரும், சவுண்டது அப்படியே சாய்ந்து கிடக்கும். அடித்தண்டு பென்சில் ஈயக்கம்பியைவிட நன்றாகத் தடித்திருக்க வேண்டும். உயரம் ஒரு சாண் தாண்டக் கூடாது, நாலைந்து உண்மையிலை போதும். தட்டில் வளர்த்ததென்றால் ஒன்றை உருவிப் பாருங்கள். வெள்ளை வேர் தும்புச்சோற்றை (தென்னந்தும்புத் தூளை) கட்டிப் பிடித்து முழுதாக வந்தால் பதம். தும்புச்சோறு உதிர்ந்தால் இன்னும் மூன்று நாள். வேர் மண்ணிறமாகி அடியில் சுற்றிக் கிடந்தால் பதம் தாண்டிவிட்டது. பூ வைத்த முற்றல் நாற்றைவிட நாலிலை இளநாற்று ஒரு மாதத்தில் முந்திப்போகும். மலிவாகக் கிடைக்கிறதென்று முற்றலை வாங்காதீர்கள்.

நடுகிற நாள்

காலையில் நடாதீர்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு நட்டால் இரவு முழுதும் கன்றுக்கு ஆறுதல் கிடைக்கும். மப்பான நாள் என்றால் எந்த நேரமும் நடலாம்.

மிளகாய்க்கு 60 சென்ரிமீற்றருக்கு 45, தக்காளிக்கு 80க்கு 50, கத்தரிக்கு 90க்கு 60 இடைவெளி. கால் ஏக்கரில் மிளகாய்க்குக் கிட்டத்தட்ட 3,700 குழி வரும்; குழிக்கு இரண்டு கன்று என்றால் 7,400. அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு மேலதிகமாக மேடையில் வைத்திருங்கள். குழிக்கு இரண்டு கைப்பிடி நன்றாக உக்கிய மாட்டெருவை ஒரு கிழமை முன்னரே கலந்துவிடுங்கள். பச்சை எரு வேரைச் சுடும், கறையானையும் கூப்பிடும். மாரிக்கு நடுவதென்றால் பாத்தியை ஓர் அடி உயர்த்தி, வடிகாலை வெட்டிய பிறகே நாற்றைத் தொடுங்கள். சிறுபோகத்தில் வரம்பின் உச்சியில் நடாமல் பக்கச்சரிவில், ஈரம் ஏறும் மட்டத்தில் நடுங்கள்.

நட ஒரு மணி நேரம் முன் மேடையை நனைத்து, தண்டைப் பிடித்து இழுக்காமல் மண்ணோடு கிளப்புங்கள். மிளகாயும் கத்தரியும் மேடையில் நின்ற ஆழத்திலேயே நிற்கட்டும், ஆழப் புதைத்தால் கழுத்து அழுகும். தக்காளியை மட்டும் வித்திலைவரை புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். மண்ணை விரலால் அணைத்து, ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றுங்கள். கன்றின் மேற்குப் பக்கமாக ஒரு பூவரசங்குழையோ வாழைமடல் துண்டோ குத்திவிட்டால் பின்னேர வெயில் படாது. நாலைந்து நாளில் அதை எடுத்துவிடலாம்.

முதல் நான்கு நாள் தினமும் காலையில் தண்ணீர். வெயிலில் கிடந்த கறுத்தக் குழாயில் முதலில் வருவது சுடுநீர். அதை வெளியே விட்டுவிட்டே கன்றுக்குப் பிடியுங்கள். பிறகு மண்ணைப் பார்த்து மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை.

நட்ட பிறகு

நண்பகலில் வாடிப் பொழுதுபட நிமிர்ந்தால் பயமில்லை. விடியவும் தொங்கிக்கொண்டிருந்தால் பிடுங்கிப் பாருங்கள். வேர் மண்ணோடு ஒட்டாமல் இடைவெளி இருந்தால் அணைத்தது போதவில்லை. வேர் கறுத்து நாறினால் தண்ணீர் தேங்குகிறது. விடியற்காலை தண்டு மண்மட்டத்தில் அறுந்து கிடந்தால் வெட்டுப்புழு. கன்றைச் சுற்றி இரண்டு விரற்கடை ஆழம் கிளறினால் சுருண்டு கிடக்கும் புழு அகப்படும். மாரியில் நத்தை, எந்தக் காலத்திலும் மயில். மயில் புதிதாகக் கிளறிய மண்ணைத் தேடி வரும், ஆகவே முதல் கிழமை பாத்தியின் மேல் முள்ளுக்கொப்பு பரப்பி வையுங்கள்.

பழைய மிளகாய்த் தோட்டம் பக்கத்தில் இருந்தால் சிறுபோகத்தில் அதன் வடகிழக்கே புதுக்கன்று வைக்காதீர்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், பழைய செடியின் பூச்சி முழுவதையும் புதியதன் மேல் கொண்டுவந்து கொட்டும்.

பட்டுப்போன குழிகளுக்கு ஏழு நாளுக்குள், தவறினால் பத்து நாள் போகமுன், மேடையில் மிச்சம் வைத்த அதே வயது நாற்றைப் போட்டு நிரப்புங்கள். அதற்குப் பிந்தி வைத்தது பக்கத்துச் செடியின் நிழலுக்குள் போய்விடும், காய் தராது.