மைக்ரோவேவ் அடுப்பில் திராட்சை ஜாம்: தவறு நேரும் இடங்கள்

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையில் ஜாமுக்கு வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. தோலில் நல்ல நிறம், சதையில் புளிப்பு, ஜாமை இறுக வைக்கும் பெக்டின். ஆனாலும் வீட்டில் செய்யும்போது அது சர்பத்தாகவோ, பல்லில் ஒட்டும் மிட்டாயாகவோ முடிந்துவிடுகிறது.

தவறு பெரும்பாலும் மிக்சியில் தொடங்குகிறது. வேகவைக்காத பழத்தை விதையோடு அரைத்தால் விதை உடைந்து துவர்ப்பு இறங்கும். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது மறையாது. பழத்தைத் தண்ணீர் விடாமல் ஐந்தாறு நிமிடம் வேகவையுங்கள். தோல் வெடித்ததும் சல்லடையில் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் விதை மேலே நின்றுவிடும். கனிந்து குழைந்த பழம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை மட்டும் வாங்காதீர்கள். பழம் அளவுக்கு மீறிக் கனிந்தால் பெக்டின் குறைந்துவிடும். கால் பங்காவது கெட்டியான பழமாக இருக்கட்டும்.

அரைக் கிலோ விழுதுக்கு 350 கிராம் சர்க்கரையும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் போதும். உடல்நலம் கருதிச் சர்க்கரையைப் பாதியாக்குபவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் பெக்டினோடு சேர்ந்து ஜாமை இறுக வைப்பதும் கெடாமல் காப்பதும் அந்தச் சர்க்கரைதான். குறைத்துப் போட்டால் ஜாம் தளர்வாகத்தான் வரும். அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பாத்திரத்தில் சிக்கனம் வேண்டாம். சர்க்கரை சேர்ந்த விழுது பால் போலப் பொங்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பாத பெரிய கண்ணாடிக் கிண்ணமே சரி. கொதிக்கும் பாகு தண்ணீரைவிடச் சூடானது என்பதால் பிளாஸ்டிக் இளகிவிடும். நீராவி வெளியேற வேண்டுமே, மூடவும் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கிளறாவிட்டால் ஓரம் கருகும், நடு நீர்த்திருக்கும். கிண்ணத்தைத் தடித்த துணியால் பிடியுங்கள். பாகு பட்ட புண் எளிதில் ஆறாது.

இறக்கும் பக்குவத்தில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். சூடான ஜாம் எப்போதும் நீர்த்தே தெரியும். கெட்டியாகட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று ஓட்டினேன். ஆறியபின் கரண்டியே இறங்கவில்லை. ஒரு தட்டை முன்கூட்டியே ஃப்ரீசரில் வையுங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேற்பரப்பு சுருங்கினால் இறக்கிவிடலாம். வெப்பமானி இருந்தால் கிண்ணத்தை வெளியே எடுத்துப் பாருங்கள்; சென்னையில் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும் என்பதால் அங்கே 97 போதும். 105 வரட்டும் என்று காத்திருந்தால் மிட்டாய்தான்.

பாட்டிலில் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். கொதிநீரில் போட்டெடுத்து, உலர்த்தி, பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஜாமை ஊற்றுங்கள். குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும். மேலே பூஞ்சை தெரிந்தால் அதை மட்டும் வழித்துவிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளேயும் பரவியிருக்கலாம். முழு பாட்டிலையும் கொட்டிவிடுங்கள்.