அரசுத் துறையோடு சமரசம்: குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

வழக்குகளைப் பேசித் தீர்க்கும் சமரச மையத்துக்கு இளம் வழக்கறிஞர்கள் வருவதைப் பார்க்கிறேன். நிலம் எடுத்த வழக்கு, எதிரே அரசுத் துறை, பக்கத்தில் அண்ணன், தம்பி, அக்கா என்று ஒரு குடும்பமே இருக்கும். நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த தப்புகளையே இவர்களும் செய்கிறார்கள். வில்லங்கச் சான்று இல்லாமல் வருவது, வாய்தாவுக்குத் தாமதமாக வருவது எல்லாம் ஒரு முறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதிரே இருப்பவருக்கு அதிகாரம் உண்டா?

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் நீதிமன்றம் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியதால் துறையின் அதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் வந்ததையே சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு குடும்பத்தின் நிலம் சாலை விரிவாக்கத்துக்குப் போனது. கிணறு இருக்கும் மூலையை விட்டுவிடலாம், மரங்களின் மதிப்பைக் கூட்டலாம் என்று அதிகாரி தலையாட்டினார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். "முடிந்த மாதிரிதான்" என்றார் குடும்பத்தின் வழக்கறிஞர். அதை நம்பி வேலியைப் பிரித்து நிலத்தை ஒப்படைத்தார்கள். அடுத்த அமர்வுக்குள் அதிகாரிக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "அப்படி எதுவும் இதில் இல்லையே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

சமரச அறையில் பேசியது ரகசியம் என்பதால், முந்தைய அதிகாரி ஒத்துக்கொண்டதை நீதிபதியிடம் சொல்லவும் வழியில்லை. குடும்பத்தின் கையில் இருந்த ஒரே பிடி நிலம். அதையும் விட்டாயிற்று.

முதல் அமர்விலேயே கேளுங்கள்: இதில் கடைசிக் கையெழுத்து யாருடையது? மாவட்ட ஆட்சியரா, துறைச் செயலரா, நிதித்துறை வரை போகுமா? வந்திருப்பவரிடம் அதிகாரக் கடிதம் இருக்கிறதா? கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று தயங்குகிறார்கள். கோபித்துக்கொள்ளட்டுமே. அப்புறம், குடும்பத்தின் கோரிக்கையை ஒரு கடிதமாகத் துறைக்கே அனுப்பி, பெற்றதற்கான ஒப்புகையை வாங்குங்கள். ஆள் மாறினாலும் கோப்பில் தாள் இருக்கும். ஒப்புதல் எழுத்தில் வரும்வரை வழக்கைத் திரும்பப் பெறாதீர்கள். நிலத்தை நீங்களாக முன்வந்து ஒப்படைக்கவும் வேண்டாம்.

பேச்சு நடக்கிறது என்று கெடுவை விடுவது

2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் 64-ஆம் பிரிவு, இழப்பீட்டு ஆணை பிறப்பிக்கும்போது நேரில் இருந்தவருக்கு 6 வாரம்தான் தருகிறது. அதற்குள், இழப்பீடு போதாது என்றால், மேல் கோரிக்கை மனு போட வேண்டும். அதிகாரியோடு டீ குடித்துப் பேசிக்கொண்டிருப்பதால் கெடு நிற்காது. மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

பணம் வாங்கும்போது

"ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

குடும்பத்துக்குள் ஒருவர் விடுபடுவது

மூத்தவர் பேசினால் எல்லோரும் பேசியது போல என்பது வீட்டு வழக்கம். சட்டத்துக்கு அது போதாது. சமரச ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் பவர் பத்திரம் வாங்கினால், அதில் சமரசம் செய்யும் அதிகாரம் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாரிசுகளில் மைனர் இருந்தால் காப்பாளர் மட்டும் கையெழுத்திட்டால் ஆகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் கட்டளை 7-ஆம் விதிப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். அது இல்லாத ஒப்பந்தத்தை அந்தப் பிள்ளை பின்னால் ரத்து செய்யலாம்.

கட்டணத்தை மறப்பது

89-ஆம் பிரிவில் சமரசமானால் வழக்குக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். வெளியே தனியாகப் பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எத்தனையோ பேர் கேட்காமலே போய்விடுகிறார்கள்.