ஆப்பின் தடித்த முனை எந்தப் பக்கம்?

பழைய சிஜே ஜீப்பைக் காட்டுப் பாதைக்காகப் புதுப்பித்தபோது, முன் ஆக்சிலுக்குக் கீழே இருந்த பட்டை ஸ்பிரிங்குகளை மேலே மாற்றி வண்டியை உயர்த்தியிருந்தேன். அதன்பின் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. திருப்பத்துக்குப் பின் தானாக நேராகவும் இல்லை. சக்கரங்களை பேலன்ஸ் செய்தேன், டை ராடு முனைகளை மாற்றினேன், ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் டாம்பரும் பொருத்தினேன். அது நடுக்கத்தை மறைத்ததே தவிர நீக்கவில்லை.

ஐந்தாம் நாள் கோணமானியை, சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளின் மேல் மூடியில் வைத்துப் பார்த்தபோதுதான், 3 பாகை இருக்க வேண்டிய காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) ஏறக்குறைய பூஜ்யமாக இருப்பது தெரிந்தது. முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நேராக அமையட்டும் என்று, ஸ்பிரிங் இருக்கைகளை வெல்டிங் செய்யும்போது அது வந்து இணையும் பினியனை நானே மேல்நோக்கித் திருப்பியிருந்தேன். அதோடு ஆக்சிலே சுழன்று காஸ்டர் போய்விட்டது.

ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் வைக்க, இரும்பில் 3 பாகைச் சரிவுள்ள ஆப்புகளைச் செய்து (அலுமினியம் நாளடைவில் நசுங்கிவிடும்), தடித்த முனை முன்பக்கம் வர, (ஸ்பிரிங் பட்டைகளைக் கோக்கும்) நீளமான சென்டர் போல்ட்டுடன் பொருத்தினேன். நடுக்கம் கூடியது! ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே உள்ள வண்டியில்தான் தடித்த முனை முன்பக்கம் வர வேண்டும். மேலே இருந்தால் பின்பக்கம். திருப்பிப் போட்டதும், டாம்பரைக் கழற்றிய நிலையிலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் அசையாமல் ஓடுகிறது. பினியன் சற்றுத் தாழ்ந்துவிட்டது உண்மைதான். ஆனால் முன் சக்கரங்களை ஆக்சில் தண்டோடு பூட்டும் ஹப்புகளை விடுவித்துச் சாலையில் ஓட்டும்போது அந்த ஷாஃப்ட் சுழல்வதே இல்லை.