பெரியவங்களுக்கு மாறுகண் ஆபரேஷன்: மயக்க மருந்து முதல் கண்ணு செட் ஆகுற வரைக்கும் என்ன செய்யணும்

முதல்லயே சொல்லிடறேன், மாறுகண் ஆபரேஷனுக்கு வயசு வரம்பு கிடையாது. நாப்பதுலயும் பண்றாங்க, அறுபதுலயும் பண்றாங்க. "சின்ன வயசுலயே பண்ணியிருக்கணும், இப்ப எதுக்கு" அப்படின்னோ "மாறுகண்ணு அதிர்ஷ்டம்" அப்படின்னோ சொல்றத நம்பி, போட்டோ எடுக்கும்போதெல்லாம் முகத்த திருப்பிக்கிட்டு நிக்கிறவங்க நம்ம வீடுகள்ல இன்னும் நிறைய பேர் இருக்காங்க. எங்க அக்காவும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தாங்க. இங்க பெங்களூர்ல அவங்களுக்கு ஆபரேஷன் ஆனப்போ கூட இருந்து பாத்ததையும் டாக்டர்கள்ட்ட கேட்டு தெரிஞ்சுகிட்டதையும் எழுதறேன்.

ஆனா ஒண்ணு, நேத்து வரைக்கும் நல்லா இருந்த கண்ணு திடீர்னு விலகி எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா அது வேற கேஸ். கூடவே தலைவலியோ, இமை தொங்கிப் போறதோ, பேச்சு குழறுறதோ இருந்தா அன்னிக்கே எமர்ஜென்சிக்கு ஓடுங்க. சுகர் இருக்கிற சில பேருக்கு நரம்பு பாதிச்சு கண்ணு உள்பக்கமா திரும்பிக்கும், அது பெரும்பாலும் சில மாசத்துல தானாவே சரியாகும், அதனால உடனே கத்தி வைக்க மாட்டாங்க. தைராய்டால வந்த மாறுகண்ணுக்கும் அளவு மாறாம பல மாசம் நின்ன பிறகுதான் ஆபரேஷன்.

எங்க போறது? மின்டோ கண் ஆஸ்பத்திரி இருக்கு, 1896லேர்ந்து நடக்குற கவர்மென்ட் ஆஸ்பத்திரி, கே.ஆர். மார்க்கெட் பக்கம். பிரைவேட், டிரஸ்ட்னு பாத்தா நாராயணா நேத்ராலயா, சங்கரா மாதிரி இடங்கள் இருக்கு. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் மாறுகண்ண பொதுவா குழந்தைங்க கண் பிரிவுலதான் பாப்பாங்க, அதனால வெயிட்டிங் ஹால் பூரா பொம்மையும் குழந்தைங்க அழுகையுமா இருக்கும், தப்பான இடத்துக்கு வந்துட்டோமோன்னு திரும்பிடாதீங்க. பழைய போட்டோ, பழைய கண்ணாடி, சாப்பிடுற எல்லா மாத்திரையோட அட்டை, இதெல்லாம் எடுத்துட்டு போங்க.

அளவு எடுக்கிறதுதான் இதுல உயிர்நாடி. தூரத்துல இருக்கிற எழுத்த பாக்கச் சொல்லி ஒரு கண்ண மூடி மூடி எடுப்பாங்க, இன்னொரு கையில வரிசையா கண்ணாடிக் கட்டி பதிச்ச பட்டை ஒண்ண கண்ணு முன்னாடி மேலயும் கீழயும் நகத்திக்கிட்டே இருப்பாங்க, மூடித் திறக்கும்போது கண்ணு நகராம நிக்கிற கட்டிதான் அளவு. தூரம், கிட்ட, மேல, கீழ, பக்கவாட்டுன்னு ரொம்ப நேரம் போகும். அவசரப்படுத்தாதீங்க, எத்தனை மில்லிமீட்டர் நகத்தணும்னு முடிவு பண்றது அந்த நம்பர்தான்.

கண்ண வெளிய எடுத்து வச்சு பண்றாங்கன்னு ஒரு பயம் ஊர் பூரா இருக்கு, அப்படி இல்லவே இல்ல. கண்ண அசைக்கிற தசை ஆறு இருக்கு, கண்ணு வெள்ளைக்கு மேல இருக்கிற மெல்லிய படலத்துல சின்னதா வெட்டி தேவையான தசைய பின்னாடி தள்ளித் தைச்சா இழுவை குறையும், கொஞ்சம் வெட்டி சுருக்கித் தைச்சா இழுவை கூடும். பெரியவங்களுக்கு அட்ஜஸ்டபிள் தையல்னு ஒண்ணு உண்டு, முடிச்ச தற்காலிகமா போட்டுட்டு, மயக்கம் தெளிஞ்ச பிறகு அன்னிக்கோ மறுநாளோ மரத்துப்போற சொட்டு விட்டு, "நேரா பாருங்க, ஒண்ணா தெரியுதா ரெண்டா தெரியுதா"ன்னு கேட்டு நூல இழுத்தோ தளர்த்தியோ சரி பண்ணி முடிச்சு போடுவாங்க. உங்களுக்கு அது ஒத்துவருமான்னு டாக்டர்ட்ட கண்டிப்பா கேளுங்க.

இப்ப மயக்க மருந்து. 1839ல பெர்லின்ல டீஃபன்பாக்னு ஒரு டாக்டர் மாறுகண்ணுக்கு தசைய வெட்டினப்போ மயக்க மருந்தே கிடையாது, ஈதர் வந்தது 1846ல. இன்னிக்கு நமக்கு சாய்ஸ் இருக்கு, அத பேசி முடிவு பண்ணுங்க. ரெண்டு கண்ணு, ஏற்கனவே ஆபரேஷன் ஆன கண்ணு, தைராய்டால இறுகின தசை, ரொம்ப பயப்படுறவங்க, இவங்களுக்கெல்லாம் பெரும்பாலும் முழு மயக்கம்தான். ஒரு கண்ணு, ஒண்ணு ரெண்டு தசை, அசையாம படுக்க முடியும், இல்லன்னா ஹார்ட் நுரையீரல் பிரச்சனையால முழு மயக்கம் ரிஸ்க்னா, கண்ண சுத்தி ஊசி போட்டும் பண்ணலாம். அப்ப வலிக்காது, ஆனா தசை இழுபடுற அழுத்தம் கொஞ்சம் தெரியலாம், அத முன்னாடியே தெரிஞ்சுகிட்டு போனா பதற்றம் குறையும். ஊசி போட்டா தசையும் மரத்துடும், அதனால அட்ஜஸ்ட் பண்றது மருந்து இறங்கின பிறகுதான்.

இந்த ஆபரேஷன்ல தசைய இழுக்கும்போது சில பேருக்கு இதயத்துடிப்பு சட்டுனு குறையும், கண்ணுலேர்ந்து மூளை வழியா இதயத்துக்குப் போற ஒரு அனிச்சைச் செயல் அது. டாக்டர் இழுக்கிறத விட்டா உடனே ஏறிடும், இல்லன்னா துடிப்ப ஏத்துற அட்ரோபின் மருந்து போடுவாங்க. இதுக்காகவே மானிட்டர பாத்துக்கிட்டு மயக்க டாக்டர் பக்கத்துலயே இருக்கணும், கண்ண சுத்தி மட்டும் ஊசி போட்டு பண்ணினாலும் சரி. அடுத்தது வாந்தி, மத்த பல ஆபரேஷன விட மாறுகண்ணுல இது ஜாஸ்தி. பஸ்ல போனாலே வாந்தி வரும், போன ஆபரேஷன்லயும் வந்துச்சுன்னு நீங்க சொன்னாத்தான் அதுக்கேத்த மயக்க மருந்தும் வாந்தி ஊசியும் முன்கூட்டியே பிளான் பண்ணுவாங்க. அக்கா இத சொன்னாங்க, ராத்திரியே இட்லி சாப்பிட்டாங்க.

மயக்க டாக்டர்ட்ட எதையும் மறைக்காதீங்க, தயவுசெஞ்சு. பிபி, சுகர், ஆஸ்துமா, குறட்டை, ஆடுற பல்லு, சிகரெட், குடி, எல்லாம் சொல்லுங்க. வீட்ல யாருக்காவது மயக்க மருந்துல உடம்பு சூடு தாறுமாறா ஏறியிருந்தா கட்டாயம் சொல்லணும், அது பரம்பரையா வர்ற ஆபத்தான விஷயம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தானா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டரையும் கேக்கணும். எடை குறைக்கவோ சுகருக்கோ வாரம் ஒரு ஊசி போடுறவங்களுக்கு சாப்பாடு வயித்துல ரொம்ப நேரம் தங்கும், ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே சொல்லிடுங்க. சாப்பாடு ஆறு மணி நேரம் முன்னாடி நிறுத்தணும், வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் வரைக்கும் பொதுவா ஓகே, பால் கலந்த காபி சாப்பாட்டுக் கணக்குதான், ஆஸ்பத்திரி சொல்ற நேரம்தான் கடைசி பேச்சு.

முடிஞ்ச பிறகு கண்ணு ரத்தச் சிவப்பா இருக்கும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும், பல வாரத்துல மெல்லக் குறையும். கொஞ்ச நாள் ரெண்டா தெரியறதும் சகஜம், அது போகுற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க, அவுட்டர் ரிங் ரோட்டு தூசியில ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்து போறதும் வேண்டாம். டாக்டர் சொல்ற வரைக்கும் தலைக்கு ஊத்தும்போது கண்ணுல தண்ணி படக்கூடாது, நீச்சல் கூடவே கூடாது. வலி நாளுக்கு நாள் கூடுனாலோ, சீழ் வந்தாலோ, பார்வை மங்குனாலோ, கண்ணு ஒரு பக்கம் அசையவே மாட்டேன்னாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. ஊருக்குப் போறவங்க மறுநாள் செக்கப்புக்கு முன்னாடி பஸ் புக் பண்ணாதீங்க.

கண்ணாடி பவர் இதனால போகாது, சின்ன வயசுலேர்ந்து சோம்பிப்போன கண்ணோட பார்வையும் ஏறாது, சில பேருக்கு ரெண்டாவது ஆபரேஷனும் தேவைப்படும். இத தெரிஞ்சு போறது நல்லது. ஆனா இத வெறும் அழகுக்குன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, டபுள் விஷன், கழுத்து சாய்ச்சு பாக்குறது, ஆள் முகத்த பாத்து பேச முடியாதது எல்லாமே வியாதிதான். இன்சூரன்ஸ்காரங்க காஸ்மெட்டிக்னு தட்டிக் கழிக்கப் பாப்பாங்க, அதனால அட்மிஷனுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட அளவு, தொந்தரவு எல்லாம் போட்டு லெட்டர் வாங்கி, அதோட சேத்து அப்ரூவலுக்கு அனுப்புங்க.