ஹேவ்லாக்கைத் தாண்டிப் போகிறீர்களா? அந்தமானில் பலரும் செய்யும் தவறுகள்

ஹேவ்லாக், நீல் தீவுகள் இரண்டிலும் இப்போது கூட்டம். ஆளரவமில்லாத கடற்கரை தேடி லிட்டில் அந்தமான், லாங் தீவு, திக்லிபூர் என்று கிளம்புகிறார்கள் பலர். நல்ல யோசனைதான். ஆனால் ஹேவ்லாக் கணக்கையே அங்கும் போடுவதில்தான் பயணம் கெடுகிறது.

ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகுகள் உண்டு, டிக்கெட்டை மொபைலிலேயே எடுத்துவிடலாம். லிட்டில் அந்தமானின் ஹட் பே துறைக்கு அரசுக் கப்பலைத்தான் நம்ப வேண்டும். போர்ட் பிளேயரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பயணம் ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகிற தீவு மக்களுக்கு அதுதான் பஸ். கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்து, அடுத்தது எப்போது என்பது வானிலையைப் பொறுத்தது. அப்படியிருக்க, ஞாயிறு காலை சென்னை விமானம், சனிக்கிழமை மாலை ஹட் பேயிலிருந்து கப்பல் என்று திட்டம் போடுவதைவிடப் பெரிய தவறு இல்லை. போனதும் முதலில் தூரத்துத் தீவு, கடைசி இரண்டு நாள் போர்ட் பிளேயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் தாமதமானாலும் விமானத்தைத் தவறவிட மாட்டீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். மே மாதம் மழை பிடித்துவிட்டால் யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இரண்டாவது, சூரியன். நம் கடிகாரம்தான் அங்கும். ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்தே காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். மதியம் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டு, நாலரைக்குக் கடற்கரைக்குப் போனால் மிஞ்சுவது இருட்டு. காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். திக்லிபூர் அருகே ராஸ், ஸ்மித் தீவுகளை இணைக்கும் மணல்திட்டைப் பார்க்க, கடல் வற்றும் நேரத்தையும் உள்ளூர்ப் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளில்லாத கடற்கரை என்றால் உயிர்காவலரும் இல்லை என்று பொருள். சதுப்புநிலக் காடும் ஓடை முகத்துவாரமும் உள்ள இடங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கிலேயே ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. "இங்கே குளிக்கலாமா?" என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள். போர்ட் பிளேயரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். முதலை அளவுக்கு இல்லாவிட்டாலும் மணல் ஈயும் லேசுப்பட்டதல்ல. ஈர மணலில் துண்டு விரித்துப் படுத்தவர் ஒரு வாரம் சொறிவார்.

திக்லிபூருக்குச் சாலை வழியே போனால் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியைக் கடக்க வேண்டும். குறித்த நேரத்தில், வரிசையாகத்தான் வண்டிகளை விடுவார்கள். நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் நீட்டுவது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அந்த மக்களை வேடிக்கைப் பொருளாக்குவதைவிட அசிங்கம் வேறென்ன!

சென்னையிலிருந்து கடலடி கேபிள் 2020-இல் போய்ச் சேர்ந்ததால் இணையம் தேறியிருக்கிறது. ஆனாலும் சின்னத் தீவுகளில் யுபிஐயை மட்டும் நம்பாமல் ரொக்கம் வைத்திருங்கள். நிக்கோபாருக்கு, சாதாரண சுற்றுலாப் பயணியாக நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. பவளத் துண்டு கரையில்தானே கிடந்தது என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். விமான நிலையச் சோதனையில் அது பிடிபடும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.